கண்ணீருக்கும் ஒலிபெருக்கியில் இடம் கொடுங்கள்: எங்கள் சபையின் போதகருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும்,

ஞாயிறு ஆராதனையில் இதுவரை நடந்துவந்த விண்ணப்ப நேரத்தை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ‘ஸ்தோத்திர சாட்சி நேரம்’ நடத்துவதென்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவை எதிர்த்து இதை எழுதுகிறேன். அறிவிப்பிலேயே நிபந்தனைகளும் வாசிக்கப்பட்டன. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னதாகவே எழுதித் தர வேண்டும். சாட்சி ஜெயத்தில் முடிய வேண்டும். இன்னும் பதில் கிடைக்காத காரியங்களை ஆராதனையில் பேசக்கூடாது. தேவையானால் அலுவலகத்தில் வந்து சொல்லிக்கொள்ளலாம். வாசல் பக்கத்தில் இருந்த ஜெபக் குறிப்புப் பெட்டியும் அன்றைக்கே எடுக்கப்பட்டுவிட்டது. இத்தனைக்கும் காரணமாகக் காட்டப்பட்டது ஒரே வசனம்: “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்.”

அந்த வசனத்தோடு எனக்கு வழக்கு இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் யாருடைய வாயை அடைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் வழக்கு.

என் கணவர் பக்கவாதத்தில் விழுந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மூளையின் இடப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. வலது கையும் வலது காலும் செயலிழந்தன, பேச்சும் போயிற்று. மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வருவது ஒரே ஒரு சொல்: ஸ்தோத்திரம். தாகம் எடுத்தால் ஸ்தோத்திரம். முதுகு வலித்தால் ஸ்தோத்திரம். பேரப்பிள்ளை ஓடிவந்து கட்டிலில் ஏறினால் ஸ்தோத்திரம். நான் கூப்பிட்ட குரலுக்கு வரவில்லை என்று கோபம் வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு அதே ஸ்தோத்திரம்.

இது எப்படி என்று பேச்சுப் பயிற்சி அளிக்கிறவர் எனக்கு விளக்கினார். சொற்களைத் தேடிக் கோக்கும் பகுதி சேதமான பிறகும், வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய ஒரு சொல்லோ, மனப்பாடமான ஜெபமோ, பாட்டோ சிலருக்குத் தானாக வெளிவருமாம். 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் உலகத்துக்கு எடுத்துக்காட்டிய நோயாளிக்கு ஏறக்குறைய ‘டான்’ என்ற ஓசை மட்டுமே மிஞ்சியிருந்தது. மருத்துவமனையில் அவரை அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அந்த மனிதருக்கு டான் என்றால் என் கணவருக்கு ஸ்தோத்திரம். எல்லாச் சொற்களும் போனபோது இந்தச் சொல் மட்டும் போகவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடாது. முகத்தைப் பார்க்க வேண்டும். புருவம் நெரிகிறதா, இடது கை எதைத் தேடுகிறது, பார்வை சன்னல் பக்கம் போகிறதா, கதவுப் பக்கம் போகிறதா என்று கவனித்தால்தான் அது நன்றியா, வலியா, வசவா என்பது விளங்கும்.

சபையிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. “இந்த நிலைமையிலும் பாருங்கள், வாயைத் திறந்தால் துதிதான்” என்று ஒரு மூப்பர் கண்கலங்கச் சொன்னார். வந்திருந்தவர்கள் எல்லாரும் ஆமென் என்றார்கள். அப்போது என் கணவருடைய படுக்கை நனைந்திருந்தது. அதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெபம் தொடங்கிவிட்டது. ஜெபம் முடியும்வரை அவர் அந்த ஈரத்திலேயே கிடந்தார். நீளமான ஜெபம் அது.

பிறகு என்னைச் சாட்சி சொல்லச் சொன்னீர்கள். மறுக்கவில்லை, எழுதிக் கொடுத்தேன். அவர் உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லியிருந்தேன். அவருக்கு மிஞ்சிய ஒற்றைச் சொல்லைப் பற்றி, அதில் வலியும் கோபமும் நன்றியும் கலந்து வருவதைப் பற்றி எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில், “பேச்சு இன்னும் திரும்பவில்லை. இரவில் தூக்கம் இல்லாமல் நான் மிகவும் களைத்திருக்கிறேன். தேவன் ஏன் மௌனமாயிருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. எங்களுக்காக ஜெபியுங்கள்” என்று முடித்திருந்தேன். தாள் திரும்பி வந்தபோது அந்தப் பத்தியின் குறுக்கே சிவப்புக் கோடு. அதற்கு மேலே வேறொரு கையெழுத்தில், “பேச முடியாத நிலையிலும் என் கணவர் இரவும் பகலும் கர்த்தரைத் துதித்துக்கொண்டே இருக்கிறார், முழுச் சுகத்தையும் விசுவாசத்தினால் பெற்றுக்கொண்டோம்” என்று எழுதப்பட்டிருந்தது.

நான் அதை வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் படுக்கையில் கிடக்கும் மனிதரைப் பற்றி ஆண்டவருடைய சந்நிதியில் பொய் சொன்னவளாவேன். ‘அவள் கசந்துபோயிருக்கிறாள், நன்றியில்லாமல் போய்விட்டாள்’ என்று அதற்குப் பிறகு பேசப்பட்டது என் காதுக்கும் வந்தது. ஆகவே என் நன்றியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு இரவும் விளக்கை அணைக்கும் முன் நான் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன். ‘எல்லா நன்மைகளுக்கும் நன்றி’ என்று மொத்தமாகச் சொல்லி முடிப்பதில்லை. அப்படிச் சொல்ல என் நாக்குக்குத் தெம்பு இல்லை. இன்றைக்குத் தண்ணீர் குடிக்கும்போது புரையேறவில்லை, அதற்கு நன்றி. முதுகில் படுக்கைப் புண் வரவில்லை, தோல் சிவக்கவில்லை, அதற்கு நன்றி. இயன்முறைப் பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளை அவரைக் குழந்தையைப்போலக் கொஞ்சாமல் பெரியவருக்குரிய மரியாதையோடு பேசுகிறது, அந்தப் பிள்ளைக்காக நன்றி. நம்முடைய சபையையோ நம்முடைய விசுவாசத்தையோ சேராத பக்கத்து வீட்டு அம்மா, நான் மருந்து வாங்கப் போகும் நேரமெல்லாம் வந்து அவருக்குத் துணையாக உட்காருகிறார். அவருடைய பெயரைச் சொல்லி நன்றி. இந்த வரிசை சில நாள்கள் நீளும், சில நாள்கள் இரண்டோடு நின்றுவிடும். நின்றுபோன நாளில் வலிய நீட்டுவதும் இல்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். புரையேறவில்லை என்று நான் நன்றி சொல்ல வேண்டுமானால், அவருக்கு விழுங்குவது எவ்வளவு கடினம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். புண் வரவில்லை என்ற நன்றிக்குப் பின்னால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிற இரவுகள் இருக்கின்றன. அவற்றைப் பேசக்கூடாது என்றால் இந்த நன்றியையும் பேச முடியாது. மிஞ்சுவது ‘கர்த்தர் நல்லவர்’ என்ற பொத்தாம் பொதுவான வாக்கியம்தான். அது உண்மைதான், ஆனால் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்கிறவருக்குத் தெரியாது. துன்பத்தைச் சொல்ல இடமில்லாத சபையில் நன்றிக்கும் இடம் இருக்க முடியாது என்பதுதான் உங்களிடம் நான் சொல்ல வந்த காரியம்.

வேதத்தில் ஸ்தோத்திரம் சொன்னவர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். 107ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் வழிதப்பியவர்கள், இருளில் கட்டுண்டிருந்தவர்கள், நோயினால் மரணவாசல்வரை போனவர்கள், கடலில் புயலில் அகப்பட்டவர்கள் என நான்கு கூட்டத்தார் அதில் வருகிறார்கள். நான்கு முறையும், ‘கர்த்தரைத் துதிப்பார்களாக’ என்பதற்கு முன்னால், அவர்கள் தங்கள் ஆபத்திலே கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார்கள் என்ற வரி வருகிறது. கூப்பிடுதல் இல்லாத துதி அந்தப் பாட்டில் ஒன்றுகூட இல்லை. புயலில் அகப்பட்டவர்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா? வெறித்தவனைப்போல் தடுமாறினார்கள், அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போயிற்று என்று அங்கே இருக்கிறது. இன்றைய நிபந்தனைப்படி அந்த வரிகளின் குறுக்கேயும் சிவப்புக் கோடு விழும்.

சங்கீத புத்தகத்தின் நூற்றைம்பது பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும்” என்று அழுது தொடங்கி, அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. அதை மட்டும் நீங்கள் காட்டலாம். 88ஆம் சங்கீதத்தை என்ன செய்வீர்கள்? அது ஜெயத்தில் முடியவில்லை. சிநேகிதரும் தோழரும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்ற இருட்டிலேயே முடிகிறது. அதைத் திருத்தி எழுதாமல் அப்படியே ஆராதனைப் பாடல்களோடு சேர்த்து வைத்தவர்கள் நம்மைவிட விசுவாசத்தில் குறைந்தவர்களா? ‘அவைகள் காலைதோறும் புதியவைகள்’ என்ற வசனம் நம் ஆலயச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அது புலம்பல் என்ற புத்தகத்தின் நடுவிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வசனம் எழுதப்பட்ட பிறகும் எரேமியாவின் அழுகை இரண்டு அதிகாரம் தொடர்கிறது. சுவரில் அதற்கு இடமில்லை, அது பரவாயில்லை. ஆராதனையிலும் இடமில்லை என்றால்தான் சிக்கல்.

‘முறுமுறுத்த இஸ்ரவேலர் வனாந்தரத்தில் விழுந்துபோனார்களே’ என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசிப்போம். அதில் இரண்டு முறையீடுகள் இருக்கின்றன. ஜனங்கள் தங்கள் கூடார வாசலில் நின்று இறைச்சிக்காக அழுதார்கள். எகிப்தே நலமாயிருந்தது என்றார்கள். தேவனைப் பற்றிப் பேசினார்களே தவிர தேவனிடம் பேசவில்லை. வாதை வந்தது அவர்கள்மேல். அதே அதிகாரத்தில் மோசேயும் முறையிடுகிறார். இவர்களை நானா பெற்றேன், இந்த ஜனங்கள் எல்லாரையும் நான் ஒருவனாய்த் தாங்க முடியாது, இப்படியே எனக்குச் செய்வீரானால் என்னைக் கொன்றுபோடும் என்று தேவனுடைய முகத்துக்கு முன்பாகவே சொல்கிறார். இன்று ஒலிபெருக்கியில் யாராவது அப்படிப் பேசினால் மின்சாரத்தையே நிறுத்திவிடுவோம். தேவன் மோசேயைத் தண்டித்தாரா? இல்லை. ‘நன்றியோடிரு’ என்று புத்தி சொன்னாரா? அதுவும் இல்லை. எழுபது மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு வா என்றார். மோசே ஒருவனாய்ச் சுமக்காதபடி, அவரோடேகூட அவர்கள் ஜனங்களின் பாரத்தைச் சுமக்கவேண்டும் என்றார்.

மூப்பர்களே, உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் வேதத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதன் ‘என்னால் முடியவில்லை’ என்று அழுததற்குத் தேவன் கொடுத்த பதில் மூப்பர்கள். ‘என்னால் முடியவில்லை’ என்று எழுதிய பத்தியை அடிப்பது எப்படி மூப்பர்களின் வேலையாயிற்று?

பவுலையும் சீலாவையும் பற்றி அடிக்கடி பிரசங்கம் கேட்கிறோம். பிலிப்பி பட்டணத்துச் சிறையில், தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் தேவனைத் துதித்துப் பாடினார்கள். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம். பிரசங்கம் அந்த நடுராத்திரியோடு முடிந்துவிடுகிறது. விடிந்த பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. காலையில் அதிகாரிகள் ஆளனுப்பி, விட்டுவிட்டோம், போகலாம் என்றபோது, ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டுப் பவுல் புறப்பட்டுப் போகவில்லை. ரோமக் குடிமக்களாகிய எங்களை விசாரிக்காமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்து தயவாய்ப் பேசித்தான் அனுப்பவேண்டியிருந்தது. பாடியதும் அதே வாய், நியாயம் கேட்டதும் அதே வாய். இந்த மடலை எழுதுவதால் என் நன்றி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் அந்த விடியற்காலையையும் வாசிக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டவரையே பார்ப்போம். யோவான் 11ஆம் அதிகாரத்தில் மார்த்தாள், “நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்கிறாள். சற்று நேரத்தில் மரியாளும் வந்து அதே குறையைச் சொல்கிறாள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அவரே கண்ணீர் விட்டார். அதற்குப் பிறகுதான், கல்லை எடுத்துப்போட்டபோது, “பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்” என்றார். கண்ணீருக்கும் ஸ்தோத்திரத்துக்கும் நடுவே ஒருசில வசனங்கள்தான். லாசரு எழுந்திருப்பான் என்று தெரிந்தும் அழுத ஆண்டவர் அவர். எப்போது எழுந்திருப்பார் என்று தெரியாத மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை அழாதே என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

நீங்கள் எடுத்துக்காட்டும் வசனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்” என்பது 1 தெசலோனிக்கேயர் 5:18. நான்கு வசனங்களுக்கு முன்னால், அதே நிருபத்தில், அதே மூச்சில், “திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்” என்று இருக்கிறது. முதலில் வரும் கட்டளை தாங்குகிறவர்களுக்கு. அது நிறைவேறாத இடத்தில் இரண்டாவதைத் துன்பப்படுகிறவர்களிடம் வசூலிக்க நமக்கு உரிமை கிடையாது.

மேடையில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற ஜெர்மானியப் போதகரின் கதையைச் சொன்னீர்கள். முப்பதாண்டுப் போரின் நடுவிலும் தேவனுக்கு நன்றிப் பாடல் எழுதினார், நமக்கு என்ன குறை என்று கேட்டீர்கள். ஐயா, 1637இல் ஐலன்பர்க் நகரத்தைக் கொள்ளைநோய் தாக்கியபோது அவர் நடத்திய அடக்க ஆராதனைகள் ஆயிரக்கணக்கானவை. மற்றப் போதகர்கள் இறந்தும் ஊரைவிட்டுப் போயும் விட, இவர் ஒருவரே பிரேதங்களின் பின்னால் நடந்தார். தம் சொந்த மனைவியையும் அந்த ஆண்டே அடக்கம் செய்தார். ஊரார்மேல் சுவீடன் படை சுமத்திய பணத்தைக் குறைக்கச் சொல்லித் தளபதியிடம் போய் மன்றாடினார். நன்றிப் பாடல் பாட அவருக்கு அருகதை இருந்தது, ஏனென்றால் துக்க வீடுகள் எல்லாவற்றிலும் அவர் நின்றிருந்தார். அந்தப் பாதியைச் சொல்லாமல் பாட்டை மட்டும் எங்களிடம் கேட்பது நியாயமில்லை.

இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. நம் சபையிலேயே ஒரு வாலிபர் வேலை இழந்து பல மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் இருந்தார். வாசலில் கைகுலுக்கி ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று நாம் கேட்டபோதெல்லாம் ‘ஸ்தோத்திரம், நல்லாயிருக்கிறேன்’ என்றார். நாமும் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கை நீட்டினோம். வீட்டு வாடகை கட்ட முடியாமல் குடும்பத்தோடு வெளியேறிய பிறகுதான் நமக்கு விவரம் தெரிந்தது. உதவி செய்ய மனமில்லாத சபை அல்ல இது. அவர் வாயைத் திறக்க ஒரு நேரம் இருந்திருந்தால் அன்றைக்கே பலர் கைகொடுத்திருப்பார்கள். பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தில் பவுல் நன்றி சொல்வதைப் பாருங்கள்: தம் உபத்திரவத்தில் அவர்கள் பங்குகொண்டதை, எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவியை நினைத்து நன்றி சொல்கிறார். அவருடைய குறைச்சல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால் உதவினார்கள், உதவியதால் சிறையிலிருந்து ஸ்தோத்திரம் எழுந்தது. நம் வாலிபருக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

குழந்தையை வயிற்றிலேயே இழந்த ஒரு தங்கையிடம், ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது, ஸ்தோத்திரம் சொல்லம்மா’ என்று மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னவர்களும் நம்மவர்களே. அவள் சொன்னாள். அதன்பிறகு ஆலயத்துக்கு வருவதில்லை. ரோமர் 8:28ஐ அவளுக்குச் சொன்னவர்கள் இரண்டு வசனம் மேலே பார்த்திருக்கலாம். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கும்போது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று அங்கே எழுதியிருக்கிறது. பரிசுத்த ஆவியானவரே சொற்கள் இல்லாமல் பெருமூச்சு விடுகிற இடத்தில், நாம் ஏன் சொற்களோடு முந்திக்கொள்கிறோம்? அந்தத் தங்கையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்தது. யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் அப்படித்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன், நிதானமாய்ப் பேசியவன் யோபுதான் என்று அவர்களிடம் சொன்னார். பிறந்த நாளைச் சபித்த யோபு! தேவனுக்காக வாதாடியவர்கள்மேல் அவருக்குக் கோபம் மூண்டது.

உங்கள் தரப்பையும் நான் கேட்டிருக்கிறேன். விண்ணப்ப நேரம் நீண்டுவிடுகிறது, சிலர் வாரந்தோறும் அதையே சொல்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் சோர்ந்துபோகிறார்கள், ஆராதனையின் சூழல் கெடுகிறது என்கிறீர்கள். நீளுகிறது என்பது மெய்தான். நேரத்துக்கு வரம்பு வையுங்கள், ஒருவரும் மறுக்க மாட்டோம். வாரந்தோறும் அதையே சொல்கிறார்கள் என்பதற்கு என்னால் வேறு பதில் தர இயலவில்லை, ஐயா; வாரந்தோறும் அதே நோய்தான் இருக்கிறது. புதியவர்கள் சோர்ந்துபோவார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. துக்கத்தோடு முதன்முதலாக ஒரு ஆலயத்துக்குள் வருகிற மனிதர், எல்லார் வாயிலும் ஜெயம் மட்டுமே வருவதைக் கேட்டால், தமக்கு இங்கே இடமில்லை என்றுதான் நினைப்பார்.

இன்னொன்று. லேவியராகமத்தில் ஸ்தோத்திரபலிக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. அதை மனப்பூர்வமாய்ச் செலுத்த வேண்டும் என்பது ஒன்று. அதன் மாம்சத்தை விடியற்காலம் மட்டும் மீதி வைக்காமல் அன்றே புசித்துவிட வேண்டும் என்பது மற்றது. ஒரு குடும்பம் தனியாக ஒரே நாளில் எவ்வளவு புசித்துவிட முடியும்? பிறரைக் கூப்பிட்டால்தான் முடியும். கட்டாயத்தினால் வராதது, கூட உட்கார ஆள் தேவைப்படுவது என்று நன்றியைப் பற்றி நான் அறிந்த இரண்டும் அங்கே இருக்கின்றன. எங்கள் வீட்டில் நன்றி சொல்ல எனக்குக் காரணங்கள் உண்டு. கூட உட்காரத்தான் ஆள் குறைவு.

ஆசாரியனாகிய ஏலியையும் நினைவுபடுத்திவிடுகிறேன். அன்னாள் மனங்கசந்து அழுதபோது அவர் அவளைக் குடித்து வெறித்திருக்கிறாள் என்று எண்ணிக் கண்டித்தார். அவள் மரியாதையாகவே மறுத்தாள்: நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்றாள். ஏலி அதற்கு மேல் தர்க்கம் செய்யவில்லை. சமாதானத்துடனே போ என்று ஆசீர்வதித்தார். பெரிய ஆசாரியன் ஒரு சாதாரணப் பெண்ணின் சொல்லைக் கேட்டு அந்த இடத்திலேயே தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அன்னாளின் ஸ்தோத்திரப் பாட்டு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. அவளைச் சந்நிதியிலிருந்து துரத்தியிருந்தால் நமக்கு அந்தப் பாட்டு கிடைத்திருக்குமா என்று தெரியாது.

இப்போது நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

விண்ணப்ப நேரத்தை வரும் மாதத்திலேயே ஞாயிறு ஆராதனைக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். சாட்சி நேரமும் இருக்கட்டும். இரண்டும் ஒரே நேரமாகவே இருந்தாலும் நல்லது, ஏனென்றால் எங்களுக்குள் அவை இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஜெபக் குறிப்புப் பெட்டியைப் பழைய இடத்திலேயே வையுங்கள். பெயர் எழுத விரும்பாதவர்கள் எழுதாமல் போடட்டும். சாட்சிகளை முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லும் விதியை நீக்குங்கள். நேரம் கருதி அதை நீக்க முடியாதென்றால், எழுதியவரைக் கேட்காமல் ஒரு வரியையும் அடிக்கவோ சேர்க்கவோ மாட்டோம் என்று உறுதி தாருங்கள். ‘ஜெயத்தில் முடிய வேண்டும்’ என்ற நிபந்தனை அறவே போக வேண்டும். புலம்பல் சங்கீதங்களும் ஆராதனை வாசிப்பில் முறைப்படி வரட்டும். 88ஆம் சங்கீதத்தை ஒருமுறையாவது ஆலயத்தில் வாசித்துக் கேட்க ஆசைப்படுகிறேன், விளக்கவுரை எதுவும் இல்லாமல்.

நோயாளிகளையும் துக்க வீட்டாரையும் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில காரியங்களைக் கற்றுக்கொடுங்கள். ஸ்தோத்திரம் சொல்லும்படி யாரையும் கேட்க வேண்டாம் என்பது அதில் முதலாவது. ஜெபிக்கும் முன், ‘இப்போது உங்களுக்கு என்ன தேவை’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கட்டும். பேச முடியாதவரானால் முகத்தைப் பார்க்கட்டும். படுக்கை நனைந்திருந்தால் ஜெபம் பிறகு.

நீண்ட நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் வீடுகள் நம் சபையில் எங்களுடையது மட்டும் அல்ல. அந்த வீடுகளுக்கு வாரத்தில் ஒரு பிற்பகலாவது துணையாகச் சென்று உட்கார, மூப்பர்கள் தங்களுக்குள் முறைவைத்துக்கொள்ளுங்கள். எழுபது பேர் வேண்டாம், இருக்கிறவர்கள் போதும். என்ன செய்ய வேண்டும், எப்படிப் புரட்ட வேண்டும் என்று நானே காட்டித்தருகிறேன்.

கடைசியாக, ஆலயத்தை விட்டு நின்றுபோன அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போதகர் ஐயா நேரில் போக வேண்டும் என்று கேட்கிறேன். திரும்பி வரும்படி அழைக்கவோ புத்தி சொல்லவோ வேண்டாம்; அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், கதவைத் திறப்பாள்.

இவற்றுக்கு உங்கள் பதிலை அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்குப் பின்வரும் ஞாயிறு அன்று, அறிவிப்பு வாசித்த அதே இடத்திலிருந்து சபைக்குச் சொல்லுங்கள். சிவப்புக் கோட்டின் கீழே நான் எழுதியிருந்த அந்தப் பத்தியையும், திருத்தமில்லாமல், என்னையே வாசிக்க விடுங்கள்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சபையின் அங்கத்தினளான ஒரு சகோதரி